நாவல், தோட்டம், ஓய்வு: என் நாளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசகர்களும், நாவல் எழுதத் தொடங்கியிருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எழுதும் நாள் எப்படி ஓடுகிறது, நடுவில் மண்வெட்டி எதற்கு, சாயங்காலம் என்ன செய்வேன் என்பதைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கதைக்கரு எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கு இங்கே பதில் இருக்காது.

உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை 5 மணிக்கு மேசை. 8 மணிக்குத் தோட்டம். அப்புறம் குளியல், கடிதங்கள், கணக்கு வழக்கு. பிற்பகலில் குட்டித் தூக்கம். எழுந்ததும் முந்தைய நாள் எழுதியதில் திருத்தம். மாலை 6 மணிக்கு மேல் ஒன்றுமில்லை. அந்த ‘ஒன்றுமில்லை’க்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கிறது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மணிக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், வரிசையைக் கவனியுங்கள். எழுதுவதற்குக் கலங்காத தலை வேண்டும். தோட்ட வேலைக்குப் பாதித் தலையும் முழு உடம்பும் போதும். ஓய்வுக்கு இரண்டையும் கீழே இறக்கி வைக்கத் தெரிய வேண்டும். வரிசையை மாற்றி, விடிந்ததும் தோட்டத்தில் இறங்கினால் அன்றைக்கு நாவல் அவ்வளவுதான். களைக்கு முடிவு ஏது? ஒன்றைப் பிடுங்கும்போதே பக்கத்தில் இன்னொன்று கண்ணில் படும்.

விடியற்காலையில்தான் எழுத வேண்டுமா? எனக்கு வேலைக்குப் போக வேண்டும்.

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதியவர்கள் ஏராளம். ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலோப் 1834 முதல் 1867 வரை தபால் துறை ஊழியர். காலை 5.30 மணிக்கு மேசையில் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் எழுதிவிட்டுத்தான் மற்ற வேலைகளுக்குப் போவார். எழுதி முடித்த நாவல்கள் 47. ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்கா இதற்கு நேர் எதிர். பகலில் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை, எழுத்தெல்லாம் இரவில். 1912 செப்டம்பரில் ஒரு முழுக் கதையை ஒரே இரவில் உட்கார்ந்து முடித்திருக்கிறார். அவர் உடம்பும் தூக்கமும் என்ன பாடுபட்டன என்பதும் அவருடைய நாட்குறிப்புகளில் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்களிடம் யாரும் எதையும் கேட்காத நேரம் எதுவோ அதுவே எழுதும் நேரம். பெரும்பாலான வீடுகளில் அது விடியலில் கிடைக்கிறது, அவ்வளவுதான். விடியலுக்கென்று தனி மகிமை எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை சொற்கள்?

ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் நாளுக்கு 500 சொற்கள் என்று வைத்துக்கொண்டிருந்தார். டிரோலோப் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் எழுதினார். இந்த எண்களைப் படித்துவிட்டுத் தமிழில் எழுதுபவர்கள் மனம் உடைந்துபோகிறார்கள். தேவையில்லை. தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. அதனால் ஆங்கிலத்தில் 500 சொற்கள் பிடிக்கும் விஷயம் தமிழில் அதைவிடக் குறைவான சொற்களில் அடங்கிவிடும். 300 சொற்கள் எழுதினாலே அது நல்ல நாள். வருடத்தில் 250 நாட்கள் அப்படி எழுதினால் 75,000 சொற்கள். நடுத்தர அளவு நாவல் ஒன்றின் முதல் வரைவு அது.

சொற்களை எண்ணப் பிடிக்கவில்லையா, நேரத்தை எண்ணுங்கள். இரண்டையும் எண்ண ஆரம்பித்தால் எழுதுவதைவிடக் கணக்குப் பார்ப்பது சுவாரசியமாகிவிடும்.

எங்கே நிறுத்துகிறீர்கள்?

அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே சொன்ன இடத்தில்: அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே. காட்சி முடியும் இடத்தில் நிறுத்தினால் மறுநாள் வெற்றுத் தாளோடு தொடங்க வேண்டும். உரையாடலின் நடுவில், பதில் என்னவென்று எனக்குத் தெரிந்திருக்கும்போது எழுந்துவிட்டால், மறுநாள் முதல் கால் மணி நேரம் தானாக ஓடும்.

சொல்வது சுலபம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது யாருக்கு எழுந்திருக்க மனம் வரும்? தோட்டம் இங்கேதான் எனக்கு உதவுகிறது. 8 மணிக்கு மேல் தள்ளிப்போட்டால் வெயில் ஏறிவிடும். நீர் ஊற்றுவதும் நாற்று மாற்றி நடுவதும் அதற்குள் முடிந்தாக வேண்டும். என் மன உறுதியால் நிற்காத எழுத்து வெயிலுக்குப் பயந்து நிற்கிறது.

எழுத்து வராத நாளில் என்ன செய்வீர்கள்?

மேசையை விட்டு எழுவதில்லை. துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர் வைத்திருந்த விதி எனக்குப் பிடிக்கும். ஒதுக்கிய நேரத்தில் எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை, ஆனால் வேறு எதையும் செய்யவும் கூடாது. படிக்கக் கூடாது, கடிதம் எழுதக் கூடாது, சும்மா ஜன்னலைப் பார்க்கலாம். சும்மா இருப்பது அவ்வளவு சலிப்பாக இருப்பதால் கை தானாகவே எழுத ஆரம்பித்துவிடும்.

அப்படிப்பட்ட நாளில் தோட்டம் அபாயகரமான இடம். “ஒரு பத்து நிமிடம் செடிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று எழுந்து போகும் நாவலாசிரியர் மதியம் வரை திரும்பமாட்டார். போதாததற்கு, கை நிறைய வேலை செய்த திருப்தியும் சேர்ந்துகொள்ளும். எழுதாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல சாக்கு கிடையாது. எனவே எழுத்து வந்தாலும் வராவிட்டாலும் நேரம் வந்த பிறகுதான் தோட்டம்.

ஏன் தோட்டம்? நடந்துவிட்டு வந்தால் போதாதா?

நடையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், உட்கார்ந்திருந்தபோதைவிட நடந்தபோது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அதிகமாக வந்தன. சுவரைப் பார்த்தபடி நடைப்பயிற்சி இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய கேள்விகளில் நடை கைகொடுக்கவில்லை. இதை நாவலுக்குப் பொருத்திப் பார்த்தால், ‘அடுத்து என்னவெல்லாம் நடக்கலாம்’ என்ற கட்டத்தில் நடக்கலாம், ‘இந்த வாக்கியம் ஏன் நொண்டுகிறது’ என்ற கட்டத்தில் உட்காருவதே நல்லது.

தோட்டம் தருவது வேறு. நடக்கும்போது மனம் போன போக்கில் போகும், நாவலும் கூடவே வரும். செடியைக் கவாத்து செய்யும்போது அப்படி விட முடியாது. எந்தக் கணுவுக்கு மேல் வெட்டுவது, எந்தக் கிளை எந்தக் கிளையோடு உரசுகிறது, காய்ந்தது எது, உறங்குவது எது என்று கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கவனத்தில் சொற்களே கிடையாது. மூன்று மணி நேரம் சொற்களோடு மல்லுக்கட்டியவருக்கு இது பெரிய விடுதலை. மேசையில் அவிழாத முடிச்சு, அதைப் பற்றி நினைக்காமல் இருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் தளர்கிறது.

இன்னொன்றும் உண்டு. நாவல் வருடக்கணக்கில் முடியாது. இன்றைக்குச் செய்தது சரியா தவறா என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு பாத்தியைக் களையெடுத்தால் அது முடிந்துவிடும், முடிந்தது கண்ணுக்கும் தெரியும். நாளுக்கு ஒரு வேலையாவது முடிந்தது என்ற நினைப்பு இல்லாமல் நீண்ட நாவலைத் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

தோட்டத்தில் தோன்றுவதைக் குறித்து வைப்பீர்களா?

கொஞ்ச காலம் சட்டைப் பையில் சிறு நோட்டு வைத்திருந்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். நோட்டு இருந்தால் எதையாவது எழுத வேண்டும் என்று தோன்றும், மேசையே கூடவே வந்த மாதிரி ஆகிவிடும். உருப்படியான யோசனையாக இருந்தால் குளித்து முடிக்கும்வரை மறக்காது. மறந்துபோனதைப் பற்றி வருத்தமில்லை.

எழுதும் நேரத்தைத் தோட்டம் தின்றுவிடாதா?

விட்டால் தின்னும். பருவம் தொடங்கும்போது விதை, நாற்று, எரு எல்லாம் ஒன்றாகக் கழுத்தைப் பிடிக்கும். அதனால் தோட்டத்தின் அளவை எழுத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். தினமும் ஒன்றரை மணி நேரத்தில் சமாளிக்க முடியாத தோட்டம் நாவலாசிரியருக்குப் பெரிய தோட்டம்.

வேலையைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. மண்ணை வெறுமையாக விடாதீர்கள். காய்ந்த இலையையோ வைக்கோலையோ மூன்று விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் பாதிக் களை முளைக்காது, ஈரமும் சீக்கிரம் காயாது. மூடாக்கு தண்டைத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டால் தண்டு அழுகும். ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக விதைக்க வேண்டிய செடிகளைக் குறைத்து, பல்லாண்டு நிற்கும் செடிகளைக் கூட்டுங்கள். முழுப்புல்தரை ஆசையை விட்டுவிடுங்கள். புல்தரை வளர்ப்பது இன்னொரு நாவல் எழுதுவதற்குச் சமம், அதைப் படிக்கவும் யாரும் வரமாட்டார்கள்.

மட்கு உரம் தயாரிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. கரிமச் சத்து (கார்பன்) 30 பங்குக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்பது கணக்கு. நடைமுறையில், காய்ந்த சருகு இரண்டு மூன்று கூடைக்குப் பச்சைக் கழிவு ஒரு கூடை போட்டு, அடிக்கடி புரட்டிவிட்டால் போதும். நாற்றம் அடித்தால் சருகு போதவில்லை அல்லது ஈரம் அதிகம். பளபளப்பில்லாத தாளும் கரிமச் சத்துதான். வெட்டி எறிந்த அத்தியாயங்களைக் கிழித்து நனைத்துப் போடுவேன். சில அத்தியாயங்கள் அச்சில் வருவதைவிட அங்கே அதிகம் பயன்படுகின்றன.

நிலம் இல்லை, பால்கனி மட்டும்தான். அது போதுமா?

தாராளமாக. நாலைந்து தொட்டி இருந்தாலும் மேலே சொன்ன கவனம் கிடைத்துவிடும். முதலில் ஒரு நாள் முழுக்க வெயில் எங்கே, எவ்வளவு நேரம் விழுகிறது என்று பாருங்கள். பூ பூப்பதும் காய் காய்ப்பதும் பெரும்பாலும் 6 மணி நேரம் நேரடி வெயில் கேட்கும். அதைவிடக் குறைவென்றால் இலைச்செடிகளை வையுங்கள். தொட்டியின் அடியில் துளை கட்டாயம்.

புதிதாக வளர்ப்பவர்களின் செடிகளைக் கொல்வது பெரும்பாலும் அக்கறைதான், அதாவது அளவுக்கு மீறி ஊற்றும் தண்ணீர். வேருக்குக் காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்குகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பினால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் செடி வாடும். வாட்டத்தைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம், கதை முடிந்தது. விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் பூவாளியைக் கீழே வைத்துவிடலாம். ஊற்றுவதானால் காலையில், இலையில் படாமல், அடிமண்ணில். இரவெல்லாம் நனைந்திருக்கும் இலை பூஞ்சைக்கு அழைப்பு.

கையும் முதுகும் வலிக்காதா?

வலிக்கும், குறிப்பாக எழுத்தும் கவாத்தும் ஒரே மணிக்கட்டை வேலை வாங்கும் நாட்களில். நிறையத் தட்டச்சு செய்த நாளில் கத்தரிக்கோலைத் தொடாமல் நீர் ஊற்றுவது, சருகு வாருவது என்று மாற்றிக்கொள்வேன். குனிந்து களை பிடுங்காமல் உட்கார்ந்து பிடுங்குங்கள். டெட்டனஸ் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிமண் மூட்டையைப் பிரிக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் பிரிக்க வேண்டும். அதன் தூசியில் நுரையீரலைப் பாதிக்கும் லெஜியோனெல்லா கிருமி இருக்கக்கூடும்.

தோட்டத்திலேயே உட்கார்ந்து எழுதலாமே?

ஆசைப்படாதவர்கள் இல்லை. நாவலாசிரியர் வர்ஜீனியா உல்ஃபும் கணவரும் 1919-இல் இங்கிலாந்தின் ராட்மெல் கிராமத்தில் வாங்கிய வீட்டில் வர்ஜீனியாவுக்குத் தோட்டத்துக்குள் எழுதும் அறை இருந்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் கணவர் லெனார்ட். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவின் தோட்டத்துக் குடிசை வெயிலுக்கு ஏற்பத் திருப்பி வைக்கக்கூடியது. கவனித்துப் பாருங்கள், இருவரும் எழுதியது அறைக்குள். திறந்தவெளியில் திரையில் வெளிச்சம் அடிக்கும், தாள் பறக்கும், எறும்பு வரும். எல்லாவற்றையும்விட, களை கண்ணில் படும். நான் மேசையைத் தோட்டத்துக்கு முதுகு காட்டித்தான் போட்டிருக்கிறேன்.

தோட்டம்தான் ஓய்வாயிற்றே, தனியாக ஓய்வு எதற்கு?

இந்தக் கேள்வியில்தான் பலருடன் ஒத்துப்போக முடிவதில்லை. நெதர்லாந்தில் நடந்து 2011-இல் வெளியான சோதனை ஒன்றில், மன அழுத்தம் தரும் வேலையைச் செய்ய வைத்த பிறகு சிலரை அரை மணி நேரம் தோட்ட வேலைக்கும் சிலரை வாசிப்புக்கும் அனுப்பினார்கள். அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் என்ற ஹார்மோன் இரு தரப்பிலும் இறங்கியது. தோட்டம் போனவர்களுக்கு அதிகமாக இறங்கியது, மனநிலையும் தேறியது. எனவே தோட்டம் இதம் தரும் என்பதில் சந்தேகமில்லை.

ஆனாலும் அது வேலைதான். செடியிடமிருந்து எனக்கு ஏதோ வேண்டியிருக்கிறது: பூக்க வேண்டும், தழைக்க வேண்டும், அசுவினிப் பூச்சி வரக் கூடாது. வேண்டும் என்ற எண்ணம் இருக்கும்வரை அது ஓய்வு ஆகாது. காலையில் நாவலிடம் கேட்டு, பகலில் செடியிடம் கேட்டு, மாலையிலும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தால் இரவில் தூக்கம் வருமா? எழுத்தும் தோட்டமும் வாய்த்தவர்கள் மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். ‘எனக்குத்தான் தோட்டம் இருக்கிறதே’ என்று சொல்லிச் சொல்லியே களைத்துப்போகிறார்கள்.

அப்படியானால் மாலையில் என்ன செய்வீர்கள்?

உட்கார்ந்திருப்பேன். வீட்டில் இருப்பவர்களோடு பேசுவேன். பாட்டுக் கேட்பேன், அதுவும் வரிகள் இல்லாத இசையாக இருந்தால் நல்லது. நாவல் படிப்பதை மாலையில் வைத்துக்கொள்வதில்லை. நாவலாசிரியருக்கு நாவல் வாசிப்பு தொழில்தான். ‘இந்த இடத்தில் இவர் ஏன் காட்சியை வெட்டினார்’ என்று மனம் நோண்டிக்கொண்டே இருக்கும். பிற்பகலில் படிப்பேன். இரவில் பயணக் கட்டுரை, பறவைகளைப் பற்றிய புத்தகம், பழைய கலைக்களஞ்சியம், இப்படி ஏதாவது.

கைபேசியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதில் இருப்பதெல்லாம் பிறர் எழுதிய சொற்கள். படுக்கும் அறைக்குள் விடுவதில்லை. 9.30 மணிக்குப் படுத்தால்தான் 5 மணி மேசை சாத்தியம், எனவே அடுத்த நாள் எழுத்து முந்தைய இரவிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

வீட்டில் ஒத்துக்கொள்வார்களா?

எழுதும் நேரம் எப்போது முடியும் என்று தெரிந்தால் ஒத்துக்கொள்வார்கள். ‘எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்பது எரிச்சல் தரும். ‘8 மணிக்கு வருகிறேன்’ என்பது அவ்வளவாகத் தராது, 8 மணிக்கு வந்தால்.

ஒரு வாரம் தடைப்பட்டுவிட்டால்?

பழக்கம் எப்படிப் படிகிறது என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடந்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு வாரம் என்றால் கொஞ்சம் கஷ்டம்தான். திரும்பி வரும்போது விட்ட சொற்களை ஈடுகட்ட முயலாதீர்கள். கடைசி இரண்டு அத்தியாயங்களைக் கையால் பிரதி எடுங்கள், குரல் திரும்ப வந்துவிடும். செடிகளுக்கும் அதே மாதிரி: காய்ந்த தொட்டியில் ஒரேயடியாக ஊற்றினால் மண் உறிஞ்சாமல் ஓரமாக வழிந்தோடும். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு ஊற்ற வேண்டும்.

திருத்தி எழுதும் கட்டத்திலும் இதே அட்டவணைதானா?

இல்லை, நாளே தலைகீழாகிவிடும். முதல் வரைவுக்கு விடியற்காலை, திருத்தத்துக்குப் பகல். வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டுமே, விடியலில் படித்தால் வீட்டில் அடி விழும். அந்த மாதங்களில் காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விடலாம், அபாயமில்லை. திருத்தம் இழுத்துப் பிடிக்கும், முதல் வரைவு மாதிரி நழுவாது.

தோட்டத்தில் பார்ப்பது நாவலுக்குள் வருமா?

நேரடியாக அதிகம் வராது. ஆனால் துல்லியமாகப் பார்க்கும் பழக்கம் வரும். ஜார்ஜ் ஆர்வெல் 1936-இல் வாலிங்டன் கிராமத்தில் குடியேறி ரோஜா நட்டார், காய்கறி போட்டார், கோழி வளர்த்தார். 1938 முதல் எழுதிய வீட்டு நாட்குறிப்பில் அன்றைக்கு என்ன பூத்தது, கோழிகள் எத்தனை முட்டை இட்டன என்று வறட்டு வரிகளாகக் குறித்திருக்கிறார். அவருடைய உரைநடையின் தெளிவுக்கும் அந்த வரிகளுக்கும் உறவு உண்டு என்பது என் ஊகம். மற்றபடி, ‘மரங்கள் அசைந்தன’ என்று எழுத இப்போதெல்லாம் கை வருவதில்லை. எந்த மரம் என்று கை கேட்கிறது. பருவம் தப்பிப் பூத்த செடி கதையில் வந்தால் வாசகர் கடிதம் நிச்சயம்.

தோட்டமே பிடிக்காது. என்ன செய்ய?

பிடிக்காததைச் செய்ய வேண்டாம். ஹருகி முரகாமி நாவல் எழுதும் காலங்களில் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து ஐந்தாறு மணி நேரம் எழுதிவிட்டு, 10 கிலோமீட்டர் ஓடவோ 1,500 மீட்டர் நீந்தவோ போகிறார், சில நாள் இரண்டுமே. இரவு 9 மணிக்குப் படுக்கை. நாவலாசிரியர் நபகோவ் வண்ணத்துப்பூச்சி பிடித்தார், அதில் முறையான ஆராய்ச்சிக் கட்டுரைகளே எழுதினார். மரவேலை, தையல், சைக்கிளைக் கழற்றி மாட்டுவது, எல்லாம் சரிவரும். கை ஓட வேண்டும், ஓரிடத்தில் முடிய வேண்டும், சொற்கள் இருக்கக் கூடாது. குறுக்கெழுத்துப் புதிர் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், அதிலும் சொற்கள்தான்.